அரசு விலையில் கை வைத்தால்: கொங்கு நாட்டிலிருந்து ஒரு பாலபாடம்

ஈரோட்டிலோ பெருந்துறையிலோ மஞ்சள் ஏலம் நடக்கும் நாளில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். மாதிரிக்கு வைத்த மஞ்சளிலிருந்து வியாபாரி ஒரு விரலியை எடுத்து இரண்டாக ஒடிப்பார். ஒடிந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பி நிறம் பார்ப்பார். ஒடியும் சத்தத்தை வைத்தே மஞ்சள் காய்ந்தது போதுமா என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் நின்று, குவிண்டாலுக்கு இவ்வளவு என்று ஒரு விலையைக் குறிப்பார்.

அந்த ஒரே எண்ணுக்குள் எத்தனை சேதி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மகாராஷ்டிரத்துச் சாங்லியிலும் தெலங்கானா நிஜாமாபாத்திலும் இந்த வருசம் விளைச்சல் எப்படி, குடோன்களில் பழைய மஞ்சள் எவ்வளவு கிடக்கிறது, மசாலாக் கம்பெனிகள் எவ்வளவு கேட்கின்றன, எல்லாமே அதற்குள் இருக்கிறது. ஆனால் அந்த வியாபாரிக்கு இவை முழுசாகத் தெரியாது. தன்னிடம் வாங்குகிறவர் என்ன விலை தருவார் என்று அவருக்குத் தெரியும். வாங்குகிறவருக்குத் தனக்கு மேலே இருப்பவர் தரும் விலை தெரியும். இப்படிக் கைமாறி வருகிற எண், ஒருவரை ஒருவர் பார்த்தே இராத ஆயிரக்கணக்கான பேரின் தேவையையும் கையிருப்பையும் சுமந்துகொண்டு வருகிறது. கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்து விவசாயி அதைக் கேட்டதும், அடுத்த போகம் மஞ்சளா, கரும்பா, வாழையா என்று முடிவெடுக்கிறார்.

ஃபிரெடரிக் ஹயெக் என்ற ஆஸ்திரியப் பொருளியலாளர் 1945-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் சொன்னார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் வெள்ளீயம். எங்கோ ஒரு சுரங்கம் மூடிவிட்டது, அல்லது எங்கோ அதற்குப் புதிதாகத் தேவை வந்துவிட்டது. எது நடந்தது என்று உலகத்தில் பெரும்பாலோருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. விலை ஏறுகிறது, எல்லோரும் சிக்கனமாகச் செலவழிக்கிறார்கள். ஒரு ஊரின் அறிவு ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. அதை ஒரு அலுவலக மேசைக்குக் கொண்டுவந்து சேர்க்க முடியாது. விலை அந்த வேலையைத் தானாகச் செய்கிறது என்பது அவர் வாதம். 1974-ல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

தடையற்ற சந்தை பேசுகிறவர்கள் அரசுத் தலையீட்டை விமர்சிப்பதற்கு இதுதான் அடிப்படை. கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று கயிறு விட்டுப் பார்க்கிறோம். கயிறு நீளமாகப் போகிறது என்பதற்காக அதை வெட்டிச் சின்னதாக்கினால் தண்ணீர் மேலே வராது. எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் போகும், அவ்வளவுதான். விலையைச் சட்டம் போட்டு ஏற்றுவதும் இறக்குவதும் அப்படிப்பட்ட வேலை என்கிறார்கள்.

சரி, சந்தை சொல்லும் விலை எப்போதும் நல்ல சேதிதானா? கிடையாது. 2010 வாக்கில் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது. மஞ்சளைத் தங்கத்தோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். நட்டவர்கள் இன்னும் ஒரு ஏக்கர் சேர்த்து நட்டார்கள், நடாதவர்களும் நட்டார்கள். மஞ்சள் நட்டால் கிட்டத்தட்ட பத்து மாதம் காத்திருக்க வேண்டும். எல்லோருடைய மஞ்சளும் ஒன்றாக வந்து இறங்கியபோது, 2012-ல் விலை அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. குத்தகைக்கு நிலம் பிடித்து விதைக்கிழங்கை உச்ச விலைக்கு வாங்கி நட்டவர்கள் அந்த அடியிலிருந்து எழ வருசக்கணக்கானது. தடையற்ற சந்தை பேசுகிறவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: அந்த வருசம் அரசு 15,000 ரூபாயை உறுதி விலையாக அறிவித்திருந்தால் அடுத்த வருசம் இன்னும் பல்லாயிரம் ஏக்கர் மஞ்சள் வந்திருக்கும், வாங்க ஆள் இருந்திருக்காது. பதில் சரிதான். ஆனால் நொந்த வீட்டில் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இந்த வாதம் வெளிநாட்டுச் சரக்கு, நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். சேலத்தில் வக்கீலாக இருந்து, 1925-ல் திருச்செங்கோடு பக்கம் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜிதான் இந்தியாவில் இதை உரக்கப் பேசினார். 1952-ல் சென்னை மாகாண முதலமைச்சராக வந்ததும் அவர் செய்த பெரிய காரியம் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து அரிசிக்கு ரேசன், நெல்லை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகத் தடை என்று இருந்தது. கட்டுப்பாட்டை எடுத்தால் விலை எகிறிவிடும் என்று பலரும் பயந்தார்கள். பயந்த அளவுக்கு விபரீதம் எதுவும் நடக்கவில்லை. 1959-ல், தன் எண்பதாவது வயதில், சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். எதைச் செய்வதற்கும் லைசென்ஸ், பெர்மிட், கோட்டா என்று அரசு வாசலில் நிற்க வேண்டிய நிலைமைக்கு ‘பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்’ என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

அதே 1952 அமைச்சரவையில் இருந்த இன்னொருவர், பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். அவர் மத்திய உணவு அமைச்சராக இருந்தபோது, 1965-ல், இந்திய உணவுக் கழகமும் விவசாய விலைக் கமிஷனும் வந்தன. விளைத்தால் அரசு இன்ன விலைக்கு எடுத்துக்கொள்ளும் என்ற உறுதி இருந்தால்தான் விவசாயி புது விதையையும் உரத்தையும் நம்பி இறங்குவார் என்று அவர் நினைத்தார். அது நடந்தது, பசுமைப் புரட்சி வந்தது. அப்புறம் பஞ்சாபில் நெல்லுக்கு உறுதியான விலையும் இலவச மின்சாரமும் சேர்ந்து நிலத்தடி நீரைக் குடித்த கதையும் நடந்தது. ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்கள் பின்னாளில் விலை விஷயத்தில் எதிரெதிர் வழிகளில் போனார்கள். இருவருமே விவசாயியை மனதில் வைத்துத்தான் போனார்கள் என்று நான் நம்புகிறேன்.

நூல் விஷயம்

இந்த வாதத்தைப் புரிந்துகொள்ளக் கொங்கு நாட்டில் இதைவிட நல்ல பாடம் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பனியன் உங்கள் கைக்கு வருவதற்கு முன் எத்தனை கை மாறுகிறது? குஜராத்திலோ மகாராஷ்டிரத்திலோ ஒருவர் பருத்தி விளைக்கிறார். ஜின்னிங்கில் விதை நீக்கிப் பஞ்சாகிறது. கோவை, பல்லடம், உடுமலைப் பக்கத்து மில்லில் நூலாகிறது. திருப்பூரில் நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங். அதற்கப்புறம் தூத்துக்குடித் துறைமுகம். தமிழ்நாட்டு மில்களுக்கு வரும் பஞ்சில் பெரும்பகுதி வெளி மாநிலத்துடையது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2010-ல் உலகம் முழுக்கப் பஞ்சு விலை ஏறியது. நூல் விலையும் கூடவே ஏறியது. திருப்பூர்க்காரர்கள் வெளிநாட்டு ஆர்டரை மாதங்களுக்கு முன்பே ஒரு விலைக்குப் பேசி முடித்திருப்பார்கள். நூல் விலை நடுவில் எகிறினால் கைப்பணம் போகும். ‘நம் ஊர் நூலை வெளிநாட்டுக்கு விற்பதை நிறுத்துங்கள், முதலில் எங்களுக்குக் கொடுங்கள்’ என்று கேட்டார்கள். கேட்டது நியாயமாகவே தோன்றும். லட்சக்கணக்கான தொழிலாளர்கள் நம்பியிருக்கிற ஊர். அந்த நிதியாண்டுக்கு நூல் ஏற்றுமதி 72 கோடி கிலோவைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு வரம்பு கட்டியது.

இனி நடந்ததை மில்காரரின் இடத்திலிருந்து பாருங்கள். வெளியே போக வேண்டிய நூல் உள்ளேயே தங்குகிறது. குடோன் நிறைகிறது. 2011 மார்ச் வாக்கில் பஞ்சு கண்டிக்கு, அதாவது 356 கிலோவுக்கு, 60,000 ரூபாயைத் தாண்டிப் போனது. அந்த விலைக்குப் பஞ்சு வாங்கி நூற்று வைத்திருக்கிறார். விற்க வழி அடைந்து கிடக்கிறது. வரம்பு விலகிய சமயத்தில் உலகப் பஞ்சு விலையே சரியத் தொடங்கிவிட்டது. சில மாதங்களில் விலை ஏறக்குறைய பாதிக்கு வந்தது. 60,000 ரூபாய்ப் பஞ்சில் நூற்ற நூலை 35,000 ரூபாய்ப் பஞ்சின் நூல் விலைக்கு விற்க வேண்டிய நிலை. பல மில்கள் ஷிப்டைக் குறைத்தன, வங்கிக் கடனுக்கு அவகாசம் கேட்டு நின்றன. காரணம் ஏற்றுமதி வரம்பு மட்டுமே என்று நான் சொல்ல மாட்டேன். உலக விலை விழுந்தது. அந்த ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதால் உள்ளூரிலும் நூல் கேட்பு குறைந்திருந்தது. ஆனால் விலை உச்சத்தில் இருந்தபோது வெளியே விற்றுக் கரையேறியிருக்கக்கூடிய நூல் உள்ளே சிக்கியதற்கு அந்த வரம்பு காரணம்.

மில்காரர் பஞ்சு வாங்குவதைக் குறைத்தால் அடி யாருக்கு? பருத்தி விளைத்தவருக்கு. அவர் திருப்பூரைப் பார்த்திருக்க மாட்டார். டெல்லியில் நடந்த பேச்சுவார்த்தையில் அவருக்கு நாற்காலி இல்லை. ஃபிரெடெரிக் பாஸ்தியா என்ற பிரெஞ்சுக்காரர் 1850-லேயே சொல்லிவைத்தது இதைத்தான். ஒரு பையன் கடை ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிடுகிறான். கூடியிருப்பவர்கள், ‘போகட்டும், கண்ணாடிக்காரனுக்கு வேலை வந்தது, ஊரில் பணம் புழங்கும்’ என்கிறார்கள். கண்ணாடிக்காரன் கண்ணில் படுகிறான். கண்ணாடி உடையாமல் இருந்திருந்தால் அந்தப் பணத்தில் கடைக்காரர் ஒரு ஜோடி செருப்பு வாங்கியிருப்பாரே, அந்தச் செருப்புக்காரன் யார் கண்ணிலும் படவில்லை. அரசு ஒரு சலுகை கொடுக்கும்போதெல்லாம் கண்ணில் படாத அந்த ஆள் எங்கே இருக்கிறான் என்று தேடிப் பார் என்பதுதான் இந்த விமர்சனத்தின் உயிர் என்று நினைக்கிறேன். மற்ற எல்லா வாதத்தையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

2012 மார்ச்சில் மத்திய அரசு பஞ்சு ஏற்றுமதியையே ஒரேயடியாகத் தடை செய்தது. இந்த முறை பருத்தி விளையும் மாநிலங்களிலிருந்து எதிர்ப்பு கிளம்பி, ஒரே வாரத்தில் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. பஞ்சு ஏற்றுமதியைத் தடுத்தால் மில்லுக்கு நல்லது, விவசாயிக்குக் கெட்டது. நூல் ஏற்றுமதியைத் தடுத்தால் பனியன் கம்பெனிக்கு நல்லது, மில்லுக்குக் கெட்டது. ஒவ்வொருவரும் தனக்குக் கீழே இருப்பவருக்குத் தடை கேட்கிறார்கள், தனக்குச் சுதந்திரம் கேட்கிறார்கள். இதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. கதவு திறந்திருந்தால் யாரும் உள்ளே போய்க் கேட்பார்கள். இப்படிக் கேட்டு வாங்குவதற்கு ஒரு காரணமும் உண்டு: ஆதாயம் கொஞ்சம் பேருக்குக் குவிகிறது, அதனால் அவர்கள் சங்கம் வைத்து, ரயிலேறி, டெல்லிவரை போவார்கள். செலவு கோடிப் பேருக்குச் சிதறுகிறது. ஆளுக்கு நாலணா நஷ்டத்துக்காக யார் ரயிலேறுவார்கள்?

இதற்கு அப்புறமும் கதை தொடர்கிறது. 2021 பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு வரி வந்தது, எல்லாம் சேர்த்து 11 சதவீதம். நம் பருத்தி விவசாயியைக் காப்பாற்ற என்றார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி என்று அறிவித்துத் திருப்பூரே கலங்கி நின்றபோது, 19-ஆம் தேதி நம் அரசு அந்தப் பஞ்சு வரியைத் தற்காலிகமாக எடுத்தது. அமெரிக்கா போட்ட வரியை அமெரிக்கக் கடைக்காரரும் அங்கே பனியன் வாங்குபவரும் திருப்பூர்த் தொழிலாளியும் பங்கு போட்டுச் சுமப்பார்கள் என்பது நமக்கு உடனே புரிந்துவிட்டது. நாம் போட்ட வரியையும், 2022-ல் சில மாதம் தவிர, திருப்பூர்தான் நாலு வருசமாகச் சுமந்துகொண்டிருந்தது என்பதைப் பார்க்க அவ்வளவு பெரிய அடி தேவைப்பட்டது.

சும்மா வரும் கரண்ட்

இதை எழுதக் கொஞ்சம் தயங்கினேன். கொங்கு நாட்டில் இலவச மின்சாரம் வெறும் சலுகை கிடையாது. அதற்கு உயிர் கொடுத்திருக்கிறார்கள். 1970-ல் விவசாய மின்கட்டணம் ஏறியதை எதிர்த்துக் கிளம்பிய போராட்டத்தில், ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். கோவை வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடுவின் பின்னால் கட்டை வண்டியோடு திரண்ட கூட்டத்தைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் குரல் மாறித்தான் பேசுவார்கள். சிறு விவசாயிகளுக்கு 1984-லும், எல்லா விவசாயிகளுக்கும் 1989-90 வாக்கிலும் மின்சாரம் இலவசமானது.

அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் தொடவில்லை. விலை பூஜ்யம் ஆனால் என்ன நடக்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

ஒரு பொருளுக்கு விலை இல்லை என்றால் அதைப் பங்கிட வேறு ஏதாவது ஒரு வழி வந்தே தீரும். பெரும்பாலும் வருவது வரிசை. என் பெரியப்பா புதுக் கிணற்றுக்கு சர்வீஸ், அதாவது மின் இணைப்பு, கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வருசக்கணக்கில் காத்திருந்தார். ஆயில் எஞ்சினில் டீசல் ஊற்றித்தான் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சினார். ‘சும்மா வர்ற கரண்டுக்கு எத்தன வருசம் காத்திருக்கறது கண்ணு? டீசலுக்கே பாதிப் பணம் போயிருச்சு’ என்பார். அதே ஊரில் அதற்கு முன்பே சர்வீஸ் வாங்கியவருக்கு மாதம் ஒரு ரூபாய் செலவில்லை. இலவசம் எல்லோருக்கும் என்று சொன்னாலும், முன்னால் வந்தவருக்கு இலவசம், பின்னால் வந்தவருக்கு டீசல். அப்புறம் தட்கல் என்று ஒரு திட்டம் வந்தது. லட்சக்கணக்கில் கட்டினால் வரிசையில் முன்னால் போகலாம். அதாவது வெளியே அனுப்பிய விலை கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் நிலம் விலை பேசும்போது முதலில் கேட்பது, கிணற்றில் சர்வீஸ் இருக்கிறதா என்றுதான். இருந்தால் ஏக்கருக்கு விலை ஏறும். அப்படியானால் இலவச மின்சாரத்தின் மதிப்பை அந்த நிலத்தை முதலில் வைத்திருந்தவர் விற்கும்போதே எடுத்துக்கொண்டார். கடன் வாங்கி அதை வாங்கிய இளைஞருக்கு மின்சாரம் இலவசமே இல்லை. வட்டியாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

கண்ணில் படாத ஆள் இங்கே யார்? கிணறே இல்லாத மானாவாரிக் காட்டுக்காரர் ஒருவர். சோளமும் கொள்ளும் விதைத்து மழையைப் பார்த்திருக்கும் அவருக்கு இந்தத் திட்டத்தில் ஒரு பைசா இல்லை. இன்னொருவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர். மோட்டார் ஓட்டச் செலவில்லை என்றால் எல்லோரும் ஓட்டுவோம். திறந்த கிணறு வற்றியது, போர் போட்டோம். 300 அடி, 600 அடி, இப்போது 1,000 அடிக்கும் கீழே. ஒவ்வொரு முறை ஆழம் கூடும்போதும் அடுத்த போர் போட முடியாதவர் ஒருவர் விவசாயத்தை விட்டு பனியன் கம்பெனிக்கோ மில்லுக்கோ வேனேறிவிடுகிறார். அவருக்கும் மின்சாரம் இலவசம்தான். எடுக்கத்தான் தண்ணீர் இல்லை.

சந்தை பேசுகிறவர்கள் இதற்கு வைக்கும் யோசனையைக் கேட்டால் முரட்டுத்தனமாக இருக்காது: மின்சாரத்துக்கு மீட்டர் வையுங்கள், ஆனால் அதே பணத்தை விவசாயியின் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள், குறைவாக ஓட்டியவர் மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். உதவி செய், விலையைத் தொடாதே. எனக்கு இது சரியாகவே படுகிறது. மீட்டர் வந்தால் நாளைக்குப் பணம் நின்றுவிடும் என்ற பயமும் எனக்குப் புரிகிறது. 1970 இன்னும் யாருக்கும் மறக்கவில்லை.

நெசவிலும் இதே கணக்குதான். மில்கள் உள்நாட்டுக்கு விற்கும் நூலில் ஒரு பங்கைக் கைத்தறிக்கான சிட்டா நூலாகத்தான் தர வேண்டும் என்று ஒரு விதி. முன்பு 50 சதவீதம், அப்புறம் 40, 2019 முதல் 30. சென்னிமலையிலும் பவானியிலும் கைத்தறிக்காரருக்கு நூல் தட்டாமல் கிடைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம். தறிகள் குறையக் குறைய விதி மட்டும் அப்படியே நின்றது. இன்னின்ன துணியைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்ற 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் 22 ரகங்களில் தொடங்கி 11-க்கு வந்துவிட்டது. ஜமக்காளம் நெய்பவருக்கு உதவ வேண்டும் என்றால் அவர் கையில் நேராகக் கொடுப்பதை விட்டுவிட்டு மில், விசைத்தறி என்று எல்லோர் கையையும் கட்டுவது சுற்றுவழி. பனியனும் பல வருசம் சிறுதொழிலுக்கு என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. இயந்திர முதலீடு வரம்பைத் தாண்டக் கூடாது என்பதால், வளர்ந்த கம்பெனி பெரிதாகாமல் அண்ணன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என்று பிரிந்தது. 2005-ல் அந்த ஒதுக்கீடு போனது. இன்று திருப்பூரின் ஏற்றுமதி வருசத்துக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது.

அரசு விலகியே நிற்க வேண்டுமா?

அப்படிச் சொன்னால் கோவையின் சரித்திரமே எழுந்து நின்று மறுக்கும். 1930-களில் இங்கே மில்கள் பெருகியதற்குப் பைக்காரா நீர்மின்சாரம் பெரிய காரணம். அது அரசு கட்டியது. 1955-ல் முடிந்த பவானிசாகர் அணையும் கீழ்பவானி வாய்க்காலும் இல்லாமல் ஈரோட்டு மஞ்சள் இந்த அளவுக்கு வந்திருக்காது. தடையற்ற சந்தைக்கு ஆதிகுருவாகச் சொல்லப்படும் ஆடம் ஸ்மித்தே 1776-ல், தனியாள் கட்டினால் கட்டுப்படியாகாத பொதுப்பணிகளை அரசு செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அணை கட்டுவது வேறு, அந்தத் தண்ணீரில் விளைந்ததன் விலையை எழுதுவது வேறு.

ஆனால் நொய்யல் ஆறு இருக்கிறது. சந்தை பேசுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை ஒரத்துப்பாளையம் போய்விட்டு வந்து பேச வேண்டும் என்பது என் ஆசை. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய அணை. திருப்பூரிலிருந்து வந்த சாயத்தண்ணீர் தேங்கி, அந்தத் தண்ணீரை வயலுக்கு விடாதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே வழக்குப் போட வேண்டிய அணையாக அது மாறியது. உப்பேறிய நிலத்தில் தென்னை நின்றபடியே காய்ந்தது. வெளிநாட்டுக் கடையில் அந்த பனியனின் விலைச்சீட்டில் நூல், தையல், கப்பல் கூலி எல்லாம் இருந்தன. அந்தத் தென்னை இல்லை. விலை சேதி சொல்லும் என்றேனே, இங்கே அந்தச் சேதி அரைகுறை. விலை அரசு தொடாத சுத்தமான சந்தை விலைதான். ஆனாலும் கண்ணில் படாத ஒரு ஆள் பணம் கட்டிக்கொண்டிருந்தார்.

இதற்கும் சந்தைக்காரர்களின் பதில் உண்டு. ஆற்றுநீரில் அந்த விவசாயிக்கு உள்ள உரிமை தெளிவாக இருந்து, அதைக் கெடுத்தவர் நஷ்டஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்றிருந்தால், சாயக்கழிவின் செலவு பனியன் விலையில் ஏறியிருக்கும் என்பார்கள். அதை ஏற்கிறேன். ஆனால் அந்த உரிமையை நிலைநாட்டியது கோர்ட். கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட வெளியே வரக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நடக்கவில்லை என்றதும் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கோர்ட்டும் அரசின் ஒரு கைதான். விலையை எழுதாத கை. ஆனால் வலுவாக இருக்க வேண்டிய கை. அது இருபது வருசம் முன்பே வலுவாக இருந்திருந்தால் பட்டறைக்காரர்களும் ஒரே நாளில் தெருவுக்கு வந்திருக்க மாட்டார்கள், ஒரத்துப்பாளையமும் தப்பியிருக்கும்.

கடைசியாக, நான் இன்னும் முடிவுக்கு வராத ஒன்று. சோமனூர்ப் பக்கம் என் மச்சான் தறி ஓட்டுகிறார். ஜவுளிக்காரர் கொடுக்கும் பாவு நூலை வாங்கி நெய்து கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தறிக்காரர். பேசி ஒப்புக்கொண்ட கூலி கொஞ்ச நாளில் குறைந்துவிடுகிறது. மறுபடி தறியை நிறுத்திப் போராட வேண்டியிருக்கிறது. அதனால்தான் கூலி ஒப்பந்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று கோவை, திருப்பூர் விசைத்தறிக்காரர்கள் கேட்டு வருகிறார்கள். போன தைக்கு விருந்துக்குப் போனபோது, தறிக்குடோன் வாசலில் நின்று இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

‘ஏனுங் மாப்ள, கூலியச் சட்டமாப் போட்டா என்னங் தப்பு?’ என்றார்.

பேசிய கூலியை ஏமாற்றாமல் வாங்கித் தரச் சட்டம் இருப்பது ஒன்று, கூலி இவ்வளவு என்று சட்டமே எழுதுவது இன்னொன்று என்றேன். முதலாவதற்கு நான் முழு ஆதரவு. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைக் காப்பாற்ற முடியாத இடத்தில் சந்தை என்ற பேச்சே கிடையாது. இரண்டாவதில்தான் எனக்குப் பயம், துணி ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடுமே என்றேன்.

அவர் உள்ளே போய் ஊடை (குறுக்கு நூல்) தீர்ந்து நின்ற ஒரு தறியில் தார்க்குச்சியை மாற்றி ஓட விட்டுவிட்டு வந்தார். சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டார்: ‘அப்ப பிவண்டிக்காரனுக்கும் இச்சல்கரஞ்சிக்காரனுக்கும் இதே கூலின்னு போட முடியுமாங்?’

இரண்டும் மகாராஷ்டிரத்து விசைத்தறி ஊர்கள். முடியாது என்றேன். ‘அப்ப மொதல்ல அந்தக் கையெழுத்துக்கு ஒரு வழி பண்ணச் சொல்லுங்’ என்று சொல்லிவிட்டு அடுத்த தறிக்குப் போனார்.